பஜ்ஜி வராது, சேப்பங்கிழங்கு வரும்

ஏர் பிரையர் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். கடலை மாவை எப்போதும்போலக் கரைத்து, வாழைக்காயைச் சீவி, தோய்த்து, கூடையில் அடுக்கி 180 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம் வைத்தேன். பத்தாவது நிமிடமே தீய்ந்த வாசனை. இழுத்துப் பார்த்தால் மாவு ஓட்டை வழியாக ஒழுகி அடித்தட்டில் காய்ந்து கிடக்கிறது. மேலே வெந்த வாழைக்காயும் அங்கங்கே மஞ்சள் திட்டும்தான் மிச்சம். அத்தை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இதை வெயில்லயா காயப்போட்ட?" என்றார்.

அன்றைக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்த எந்திரம் என்ன செய்கிறது என்பதை அத்தை அந்த ஒரு கேள்வியிலேயே சொல்லிவிட்டார் என்பது புரிய எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. உள்ளே பொரிப்பதற்கு ஒன்றுமே இல்லை. மேலே ஒரு ஹீட்டர் காயில், அதற்கு மேல் ஒரு விசிறி. சூடான காற்று கூடையைச் சுற்றிச் சுழன்று பண்டத்தின் மேல் ஈரத்தை உலர்த்தி மொறுமொறுப்பாக்குகிறது. கேக் சுடும் கன்வெக்‌ஷன் ஓவனின் குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2010இல் பெர்லின் மின்சாதனக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் இதை 'ஏர்பிரையர்' என்று பெயர் வைத்து இறக்கியது. அங்கே மனதில் இருந்தது உருளைக்கிழங்கு வறுவல். நம் பஜ்ஜி அல்ல.

எண்ணெய்ச் சட்டியில் மாவு விழுந்த கணமே சுற்றிலும் காய்ந்த எண்ணெய் அதைத் தாங்கிப் பிடிக்கிறது, உடனே மேலே தோல் கட்டிவிடுகிறது. காற்றுக்கு அந்தக் கை இல்லை. எண்ணெய் அளவுக்கு வேகமாக அது சூட்டைக் கொடுப்பதும் இல்லை. அதனால் மாவு இறுகுவதற்குள் ஒழுகிவிடும். பஜ்ஜி, போண்டா, மெதுவடை, பூரி எல்லாவற்றையும் அன்றோடு விட்டுவிட்டேன். மசால் வடை மட்டும் கெட்டியாகத் தட்டி, மேலே எண்ணெய் தடவி வைத்தால் தேறும். தேறும் என்றுதான் சொல்கிறேன், ருசி என்று சொல்லவில்லை.

பிறகு எது வருகிறது? தோசைக்கல்லில் நின்று நின்று முறுவலாக்குகிறோமே, அடுப்பில் சுடுகிறோமே, அதெல்லாம் வருகிறது. வாணலிக்குப் பதிலாக இதை வாங்கினால் ஏமாற்றம், தோசைக்கல்லுக்கும் தணலுக்கும் பதிலாக வாங்கினால் லாபம்.

எங்கள் வீட்டில் அதற்குச் சாட்சி சேப்பங்கிழங்கு. அரைக் கிலோவை முக்கால் வேக்காட்டில் எடுத்து, தோலுரித்து, இரண்டாக வகுந்து, உள்ளங்கையால் லேசாக அழுத்திக்கொள்வேன். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, ஒரு சிட்டிகை ஓமம், ஒரு ஸ்பூன் அரிசி மாவு, இரண்டு டீஸ்பூன் எண்ணெய் சேர்த்துப் பிசறி 190 டிகிரியில் பதினெட்டு நிமிடம். பத்தாவது நிமிடத்தில் ஒருமுறை குலுக்க வேண்டும். கல்லில் செய்தபோது முக்கால் மணி நேரம் கரண்டியோடு நிற்பேன், கல்லும் கிழங்கும் குடித்த எண்ணெய்க்குக் கணக்கே கிடையாது. சேனைக்கிழங்கும் வாழைக்காய் வறுவலும் இதே கதைதான்.

கொத்சுக்குக் கத்தரிக்காயை முழுசாக எண்ணெய் தடவி, கத்தி முனையால் நாலு இடத்தில் குத்தி, 200 டிகிரியில் இருபது நிமிடம் வைத்தால் தோல் தானே கழன்றுவிடும். குத்த மறந்தால் உள்ளே வெடிக்கும், ஒருமுறை வெடித்தது. தணலில் சுட்ட அந்தப் புகை வாசனை மட்டும் வராது. அது வேண்டுமென்றால் கடைசியில் ஒரு நிமிடம் பர்னர் மேல் காட்டிக்கொள்ளலாம். நிலக்கடலைக்கு 160 டிகிரி, பத்துப் பன்னிரண்டு நிமிடம். எல்லாம் ஒரே நிறத்தில் வறுபடும். மீனில் வஞ்சிரத் துண்டுகள் நன்றாக வருகின்றன. 180 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம், நடுவில் ஒரு திருப்பு. மசாலா கல்லோடு ஒட்டிக்கொண்டு போகிற துக்கம் இல்லை. மீன் வாசனை வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பின்பக்கம் வெளியேறும் காற்றோடு அது மாடி வீடு வரை போகிறது.

சிக்கன் லெக் பீஸ் போடும்போது கொழுப்பு கீழே சொட்டிப் புகையும். அடித்தட்டில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிவைத்தால் புகை அடங்கும். செக்கெண்ணெய்க்கும் இந்த எந்திரத்துக்கும் அதிகச் சூட்டில் ஒத்துப்போகாது, சீக்கிரமே புகைகிறது. செக்கு நல்லெண்ணெய் தடவினால் நான் 170ஐத் தாண்டுவதில்லை.

அப்பளக் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு அப்பளத்தில் எண்ணெய் தொட்டு உள்ளே வைத்தேன். ஒன்று பறந்து போய்க் காயிலில் ஒட்டிக்கொண்டு கருகியது. விசிறி ஓடுகிற இடத்தில் லேசான எதையும் சும்மா விடக்கூடாது. கறிவேப்பிலை, பட்டர் பேப்பர் எல்லாமே பறக்கும். பேப்பரை வெறுமனே போட்டுப் பெட்டியைச் சூடேற்றுவது ஆபத்து, மேலே கனமாக ஏதாவது இருக்க வேண்டும். அப்பளத்தின் மேல் இப்போது ஒரு சின்னக் கம்பித் தட்டைக் கவிழ்த்து வைக்கிறேன். சுட்ட அப்பளம் போல வருகிறது.

புதிதாக வாங்கியவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு, கூடையை ரொப்புவது. நானும் ரொப்பினேன். காற்று போக இடமில்லாவிட்டால் மேலே கருகும், கீழே புழுங்கும். உருளைக்கிழங்கை நறுக்கி அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, துணியில் ஈரம் போக ஒற்றி, ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஊறவைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. மாவுச்சத்துள்ள கிழங்கை அதிகச் சூட்டில் பழுப்பாக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகும்; ஊறவைத்தால் அது குறையும். எண்ணெய் குறைந்துவிட்டது என்பதற்காகக் கருக வறுத்துத் தின்னலாம் என்று அர்த்தமில்லை. பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது நான் பார்க்காமல் விட்டது பிளக் பாயின்ட். என்னுடையது 1500 வாட். 230 வோல்ட்டில் அது ஆறரை ஆம்பியர் இழுக்கும். மிக்சி போடுகிற சாதாரண பாயின்ட் 6 ஆம்பியர்தான் தாங்கும். எந்திரத்தோடு வந்த தடித்த பின் அதில் நுழையவில்லை என்று ஒரு கன்வர்ஷன் பிளக் வாங்கிச் சொருகினேன். இரண்டே வாரத்தில் பிளக் உருகி மேடையெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம். வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் தம்பி, "அக்கா, இதை பவர் பிளக்லதான் போடணும். அதுல போட முடியலன்னா 1200 வாட்டா பாத்து வாங்கியிருக்கணும்" என்றார். கடையில் யாரும் சொல்லாத விஷயம். இன்வெர்ட்டரிலும் இதை ஓட்ட முடியாது, எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் போல 800, 900 வி.ஏ. என்றால் நினைக்கவே வேண்டாம்.

கரன்ட் பில் பயம் எனக்கும் இருந்தது. 1500 வாட் இருபது நிமிடம் முழுசாக ஓடினால் அரை யூனிட். தினம் ஒருமுறை என்றால் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். ஏற்கெனவே 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால் மட்டும் யோசியுங்கள், அதைத் தாண்டினால் ரேட் மாறிவிடும்.

பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். ஆழம் எவ்வளவு இருந்தாலும் ஒரே அடுக்குத்தான் போடப்போகிறோம். எனவே கூடையின் அடிப்பரப்பைப் பாருங்கள். வட்டத்தைவிடச் சதுரக் கூடையில் ஒரு மீன் துண்டாவது கூடுதலாகக் கொள்ளும். எங்கள் வீட்டில் ஐந்து பேர். 4 லிட்டர் வாங்கி, இன்றும் மீனை இரண்டு தடவையாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நாலு பேருக்கு மேல் என்றால் ஆறு லிட்டருக்கு அருகில் போவது நல்லது. டச் ஸ்கிரீன், பத்துப் பன்னிரண்டு படம் போட்ட பட்டன் இதற்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள். சூடு ஒன்று, நேரம் ஒன்று, வேறு எதையும் நான் தொட்டதில்லை. கூடை தனியாக ஸ்பேராகக் கிடைக்குமா என்று மட்டும் கடையில் கேளுங்கள், ஏனென்றால் முதலில் தேய்வது அதன் கோட்டிங்தான். கம்பி நாரைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. சூடு ஆறுவதற்குள் வெந்நீர் ஊற்றிவைத்தால் துணியாலேயே துடைத்துவிடலாம். ஸ்ப்ரே டப்பா எண்ணெயும் கோட்டிங்கில் பிசினாகப் படிந்துவிடுகிறது, பிரஷ் போதும்.

சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பின்னால் ஒரு சாண் இடமாவது விடுங்கள். எங்கள் வீட்டு டைல்ஸில் மஞ்சள் கறை ஒன்று அதற்கு அடையாளமாக நிற்கிறது.

இந்த மூன்று வருடத்தில் எந்திரம் அதிகம் ஓடியது எதற்கு என்றால், சொல்லவே வெட்கம், பழையதைச் சூடு பண்ணத்தான். நேற்றைய பஃப்ஸ், சமோசா, நமத்துப்போன வடை எதுவானாலும் 160 டிகிரியில் நாலு நிமிடம் வைத்தால் மறுபடி மொறுமொறுவென்று ஆகிவிடுகிறது. மைக்ரோவேவில் ரப்பராகிவிடும்.

மழை பெய்து அத்தை பஜ்ஜி கேட்டால் இன்றும் அடுப்பில் ஏறுவது வாணலிதான். மிச்சப்பட்டால் மறுநாள் அதை ஏர் பிரையரில் வைக்கிறோம்.