இரண்டாவது அம்பு



2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19 நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. ஆலயக் கதவுகள் அடைக்கப்பட்டன. தாயகத்தில் கண்மூடிய பெற்றோரின் ஈமக்கிரியைகளைக் கணினித் திரையில் பார்த்து அழுதவர்கள் நம்மிடையே பலர். உலக அவசரநிலை முடிந்துவிட்டதென 2023 மே 5 அன்று அதே நிறுவனம் அறிவித்தது. ஆயினும் அருகில் ஒருவர் இருமினால் இன்றும் சிலருக்கு நெஞ்சு படபடக்கிறது. நோய் தணிந்தும் அச்சம் தணியவில்லை.

இதற்கு உதவும் புத்தர் பெருமானின் போதனை ஒன்றை இம்முறை கற்போம். பௌத்தம் தமிழுக்குப் புதிதன்று. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலை பௌத்தக் காப்பியமே.

உவமை

சங்யுத்த நிகாயத்தின் சல்லத்த சூத்திரத்தில் வரும் உவமை இது. ஒருவன்மேல் அம்பு ஒன்று தைக்கிறது. தொடர்ந்து இரண்டாவது அம்பும் தைக்கிறது. முதல் அம்பு உடல் படும் வலி. இரண்டாவது, அவ்வலியால் மனம் படும் துயரம். மனத்தைப் பயிற்றாதவன் இரண்டையும் தாங்குகிறான். பயிற்றியவனுக்கு முதல் அம்பு மட்டுமே.

காய்ச்சல், வேலையிழப்பு ஆகியவை முதல் அம்பு. அதைத் தடுப்பது எப்போதும் நம் கையில் இல்லை. "எனக்கும் வருமோ, பிள்ளைகள் என்ன ஆவார்களோ" என்று நள்ளிரவில் எண்ணியெண்ணிப் புரள்வது இரண்டாவது. இறந்தவரை நினைத்து அழுவது குற்றமன்று. அழுததற்காக நம்மையே நொந்து கொள்வதுதான் வேண்டாத அம்பு.

பயிற்சி

மூச்சைக் கவனிக்கும் இத்தியானத்திற்கு ஆனாபானசதி என்று பெயர்.

1. முதுகை நிமிர்த்தி அமருங்கள். நாற்காலியிலும் அமரலாம்.
2. மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் மூக்கு நுனியில் கவனியுங்கள். மூச்சை அடக்க வேண்டாம்.
3. அச்சம் எழுந்தால் விரட்டாதீர்கள். "இது அச்சம்" என்று அறிந்து, மீண்டும் மூச்சுக்குத் திரும்புங்கள்.
4. மூச்சைக் கவனிப்பதே பதற்றம் தந்தால், தரையில் பதிந்த பாதங்களைக் கவனியுங்கள்.

நாளும் பத்து நிமிடம் போதும். தியானம் மருந்துக்கு மாற்று அன்று. மூச்சுத்திணறல் வந்தாலும், பல நாள் தூக்கம் இல்லாவிட்டாலும் வைத்தியரை நாடுங்கள்.

நம்பிக்கை

"எனக்கு ஒன்றும் வராது" என்பது நம்பிக்கை ஆகாது. தோன்றிய யாவும் மாறும், இந்த அச்சமும் மாறும் என்று அறிவதே நம்பிக்கை. பௌத்தம் இதை அநித்தியம் என்கிறது.

இன்னொன்றும் உண்டு. வயிற்றுநோயால் தன் மலசலத்திலேயே கவனிப்பாரற்றுக் கிடந்த பிக்கு ஒருவரைப் புத்தரும் ஆனந்தரும் நீராட்டிப் படுக்கையில் கிடத்தினர் என்று விநய பிடகம் கூறுகிறது. போதித்தவரே தொண்டும் செய்தார். நமக்கு ஒன்று நேர்ந்தால் கைகொடுக்க ஒருவர் வருவார் என்பதும், பிறருக்கு நாம் அந்த ஒருவராக இருப்போம் என்பதும் அச்சத்தைக் குறைக்கும்.

இவ்வாரம் வீட்டில்

பிள்ளைகளிடம் கேளுங்கள்: அந்த நாட்களில் உன்னை எது அதிகம் பயமுறுத்தியது? அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள். பின்பு குடும்பமாகப் பத்து நிமிடம் அமருங்கள். எழுந்ததும், தனித்து வாழும் முதியவர் ஒருவருக்குத் தொலைபேசி எடுங்கள்.

எல்லோரும் நலம் பெறுக.