12.40 மீட்டருக்கு எந்தக் கல்லூரி?

கேள்வி: ஐயா, என் மகள் பட்டுக்கோட்டை பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். மும்முறைத் தாண்டுதலில் இந்த வருஷம் மாநிலப் போட்டியில் 12.40 மீட்டர் தாண்டினாள். அமெரிக்கக் கல்லூரிகளில் தடகளத்துக்கு ஸ்காலர்ஷிப் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறாள். அவள் அப்பா தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் எங்களால் முடியாது. சென்னையில் ஒருவர் மூன்று லட்சம் முன்பணமும், கிடைக்கும் ஸ்காலர்ஷிப்பில் பத்து சதவீதமும் கேட்கிறார். பள்ளியின் பி.இ.டி. சாரோ, "முதலில் சென்னையில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்து ரெண்டு வருஷம் நல்லா வளரட்டும், அப்புறம் அமெரிக்கா பார்க்கலாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு தாய், தஞ்சை மாவட்டம்

பதில்: பி.இ.டி. சார் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன் அம்மா, ஏனென்றால் பிறகு சரிசெய்ய முடியாத நஷ்டம் அதில்தான் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் முதல் பிரிவான டிவிஷன் 1-இல், 2025-26 கல்வியாண்டின் விதிப்படி, ஒரு மாணவிக்கு ஐந்து ஆண்டுக் கெடுவுக்குள் நான்கு சீசன்கள்தான். அந்தக் கெடு அமெரிக்காவில் கால் வைக்கும் நாளில் தொடங்குவதில்லை. உலகத்தில் எந்த ஊரிலாவது ஒரு கல்லூரியில் முழுநேர மாணவியாகச் சேர்ந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. சென்னையில் பி.ஏ. சேர்ந்து இரண்டு ஆண்டு போனால் ஐந்தில் இரண்டு போயிற்று. அந்தக் கல்லூரிக்காகப் போட்டிகளில் இறங்கிய சீசன்களும் கணக்கில் ஏறும்.

நான் பயிற்சி கொடுத்த ஒரு பையன், 400 மீட்டர் தடை ஓட்டக்காரன், இப்படித்தான் இங்கே ஒரு கல்லூரியில் இரண்டு வருஷம் ஓடினான். நல்ல நேரம் வந்தது, ஒரு அமெரிக்கப் பயிற்சியாளரும் ஆர்வமாக எழுதினார். கல்லூரியில் சேர்ந்த தேதியைக் கேட்டதும் அவருடைய கடிதங்கள் நின்றுபோயின. நான்கு வருஷம் தன் அணிக்குத் தாண்டப்போகிற, ஓடப்போகிற ஆளைத்தான் அவர் தேடுகிறார். அன்று எனக்கு இந்த விதி தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பையனைச் சேர விட்டிருக்க மாட்டேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: உங்கள் மகள் பிளஸ் டூ முடித்த கையோடு போக வேண்டும். பள்ளி முடித்து ஓர் ஆண்டு வரை வெளியே இருந்து பயிற்சி எடுத்துப் போட்டிகளில் கலந்துகொள்ளத் தடகளத்துக்கு அவகாசம் உண்டு. அதைத் தாண்டிப் போட்டியிட்டால் சீசன்கள் கழிய ஆரம்பிக்கும்.

அடுத்தது, இந்த ஸ்காலர்ஷிப் எதற்காகத் தரப்படுகிறது என்பது. இதைத் திறமைக்கான பரிசு என்றுதான் நம் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். பயிற்சியாளர் பார்ப்பது புள்ளிக் கணக்கை. பத்துப் பதினைந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு கான்ஃபரன்ஸ். ஆண்டு இறுதியில் அவற்றுக்குள் நடக்கும் போட்டியில் பொதுவாக முதல் எட்டு இடங்களுக்கு 10, 8, 6, 5, 4, 3, 2, 1 என்று புள்ளிகள். அணியின் இடத்தை, பல நேரம் பயிற்சியாளரின் வேலையையே, அந்தப் புள்ளிகள்தான் தீர்மானிக்கின்றன. ஆகவே அவர் மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பெண் என் கான்ஃபரன்ஸில் எத்தனை புள்ளி கொண்டு வருவாள்?

இதிலிருந்து உங்கள் வேலை தெளிவாகிவிடும். டி.எஃப்.ஆர்.ஆர்.எஸ். என்ற இணையதளத்தில் அமெரிக்கக் கல்லூரித் தடகளப் போட்டிகளின் முடிவுகள் எல்லாருக்கும் திறந்தே கிடக்கின்றன. ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பெண்கள் மும்முறைத் தாண்டுதலில் எட்டாவது, ஐந்தாவது, மூன்றாவது இடம் பிடித்தவர்கள் எவ்வளவு தாண்டினார்கள் என்று மகளையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எஸ்.இ.சி. போன்ற பெரிய கான்ஃபரன்ஸில் 12.40 போதாது. நடுத்தர கான்ஃபரன்ஸ்கள் பலவற்றிலும் டிவிஷன் 2-இலும் அதற்கு மதிப்பு உண்டு. எந்தப் பல்கலைக்கழகத்தில் இரண்டு தாண்டும் பெண்கள் இந்த ஆண்டோடு படிப்பை முடிக்கிறார்களோ, அங்கே ஒரு காலி இடம் இருக்கிறது. பெயர் கேட்ட பல்கலைக்கழகத்தைத் தேடாமல் அந்தக் காலி இடத்தைத் தேடுங்கள்.

நீளம் தாண்டுதலிலும் அவளுக்கு நல்ல தூரம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஒரே ஆள் இரண்டு போட்டிகளில் புள்ளி வாங்கினால் பயிற்சியாளருக்கு ஒரு ஸ்காலர்ஷிப்பில் இரண்டு வேலை முடிகிறது. நீண்ட தூர ஓட்டக்காரர்களை அவர்கள் விரும்புவதும் இதனால்தான். இலையுதிர் காலத்தில் கிராஸ் கன்ட்ரி, குளிர்காலத்தில் உள்ளரங்கம், வசந்தத்தில் வெளிமைதானம் என்று ஆண்டுக்கு மூன்று சீசன் ஓடுவார்கள். நம் ஊரில் நன்றாக நடைபோட்டி செய்யும் பிள்ளைகளுக்கு மட்டும் வருத்தமான செய்தி: என்.சி.ஏ.ஏ. போட்டிகளில் நடை கிடையாது.

"நம்ம பிள்ளைக்கெல்லாம் எட்டுமா?" என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கடிதத்தின் வரிகளுக்கு நடுவே அது எனக்குக் கேட்டது. எட்டும். யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1950-களிலேயே லாஸ் ஏஞ்சலிஸில் யு.சி.எல்.ஏ.வில் படித்து அந்த அணிக்கு உயரம் தாண்டியவர். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் இலங்கையின் முதல் ஆசியத் தங்கம் அவருடையது. உங்கள் மகளின் போட்டியிலேயே சொல்வதென்றால், 1970-களின் தொடக்கத்தில் மொஹிந்தர் சிங் கில் கலிபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகத்தில் படித்தபடியே அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன் ஆனார். டெல்லியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர் 2016-இல் கோயம்புத்தூர் ஜூனியர் நேஷனல்ஸில் 2.26 மீட்டர் உயரம் தாண்டி தேசியச் சாதனை படைத்தார். மறு ஆண்டு கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 2018-லும் 2022-லும் என்.சி.ஏ.ஏ. சாம்பியன். சென்னையின் கிருஷ்ணா ஜெயசங்கர் டெக்சஸின் எல் பாசோவில் தொடங்கி, பிறகு லாஸ் வேகாஸிலுள்ள நெவாடா பல்கலைக்கழகத்துக்கு மாறி, 2025-இல் உள்ளரங்கில் குண்டை 16 மீட்டருக்கு மேல் எறிந்த முதல் இந்தியப் பெண் ஆனார்.

டிவிஷன் 2 என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இலங்கையின் உஷான் திவங்க பெரேரா 2.30 மீட்டர் உயரம் தாண்டி தேசியச் சாதனை படைத்தது 2021-இல், அப்போது டிவிஷன் 2-இல் இருந்த டெக்சஸ் ஏ அண்ட் எம் காமர்ஸ் மாணவராக. சிறிய கல்லூரிகளின் அமைப்பான என்.ஏ.ஐ.ஏ., இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகளின் என்.ஜே.சி.ஏ.ஏ. இரண்டிலும் தடகள ஸ்காலர்ஷிப் உண்டு. ஆப்பிரிக்கா, ஜமைக்காவிலிருந்து வரும் பலர் ஜூனியர் கல்லூரியில் இரண்டு ஆண்டு இருந்து, அங்கிருந்து பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறார்கள். டிவிஷன் 3 கல்லூரிகளும் ஹார்வர்ட், யேல் அடங்கிய ஐவி லீக்கும் விளையாட்டுக்கென்று பணம் தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி அங்கே உண்டு. அது வேறு பாதை, மதிப்பெண் மிக உயர்வாக வேண்டும்.

இனி பணம். இங்கேதான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. தடகளத்தில் முழு ஸ்காலர்ஷிப் அரிது. இருப்பதைப் பங்கு போட்டுத்தான் தருவார்கள். 2025 வரை டிவிஷன் 1 பெண்கள் தடகளத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் 18 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான தொகை தரலாம், ஆண்களுக்கு 12.6 மட்டுமே. அமெரிக்கக் கால்பந்து 85 ஆண்களுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்துக்கொண்டிருந்தது. 1972-இன் டைட்டில் 9 சட்டப்படி பெண்களுக்கும் ஈடு செய்ய வேண்டியிருந்ததால் மற்ற விளையாட்டுகளில் பெண்களுக்குக் கூடுதல் இடம் வந்தது. அந்த 18-ஐ முப்பது நாற்பது பேருக்குப் பிரிப்பார்கள்.

கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூன் 6 அன்று நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்துக்குப் பிறகு கணக்கு மாறிவிட்டது. அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு இல்லை. அதற்குப் பதில் தடகள அணியில் 45 பேருக்கு மேல் கூடாது. கேட்கும்போது 45 பேருக்கும் முழுப் பணம் என்று தோன்றும். ஆனால் அதே சமரசம் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களுக்கு முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகத் தர வழிவிட்டது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. தடகளத்தின் பெட்டி நிரம்பிவிடவில்லை, அணி மட்டும் சிறுத்திருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 45,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். "40 சதவீத ஸ்காலர்ஷிப்" என்றால் 18,000 டாலர் அவர்கள் தருகிறார்கள். மீதி 27,000 டாலர், டாலருக்கு 90 ரூபாய் என்றால் 24 லட்சத்து 30 ஆயிரம், நீங்கள் கட்ட வேண்டும். நான்கு ஆண்டும். ஐந்து லட்சம்தான் முடியும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் "எத்தனை சதவீதம் தருகிறீர்கள்?" என்று கேட்காதீர்கள், "எல்லாம் போக நாங்கள் ஆண்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். மதிப்பெண்ணுக்கான ஸ்காலர்ஷிப்பைத் தடகளத் தொகையோடு சேர்த்துத் தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. சில அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிமாநிலக் கட்டணத்தையும் தளர்த்துவார்கள். ஐந்து லட்சத்துக்குள் முடிகிற வழி பெரும்பாலும் இந்தச் சேர்க்கையில்தான் கிடைக்கும். அதனால் பயிற்சிக்காகப் படிப்பை விட்டுவிட்டால் கடைசியில் பணத்தில்தான் இடிக்கும்.

யாரும் சொல்லாத ஒரு செலவையும் சொல்லிவிடுகிறேன். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஸ்காலர்ஷிப்பில் கல்விக் கட்டணத்துக்கு வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்குத் தரும் பகுதிக்கு 14 சதவீதம் பிடிப்பார்கள். இந்திய மாணவர்களுக்கு வரி ஒப்பந்தப்படி ஒரு கழிவு உண்டு. ஒவ்வோர் ஆண்டும் கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்ததில் பெரும்பகுதி, சில நேரம் முழுவதும், திரும்ப வரலாம். தாக்கல் செய்யாத பிள்ளைகள் அந்தப் பணத்தை இழக்கிறார்கள்.

சென்னைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். ஆலோசனைக்கு ஒரு நிலையான கட்டணம் வாங்குவதை விதி தடுக்கவில்லை. ஆனால் கிடைக்கும் ஸ்காலர்ஷிப்பில் இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தம் போட்டால், உங்கள் மகள் விளையாடும் தகுதியே ஆட்டம் காணும். இதை அறிந்தே கேட்கிறார் என்றாலும் தப்பு, அறியாமல் கேட்கிறார் என்றால் அவரை நம்பி மூன்று லட்சம் எப்படிக் கொடுப்பது? வேண்டாம் அம்மா. அவர் செய்யப்போகும் வேலை எல்லாவற்றையும் உங்கள் மகள் ஒரு மடிக்கணினியில் செய்யலாம். பரிசுப் பணத்திலும் கவனம் தேவை. எந்தப் போட்டியில் எவ்வளவு ரொக்கம் வந்தது, போக்குவரத்துக்கும் தங்கலுக்கும் எவ்வளவு செலவானது என்று ரசீதோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். பிறகு கேட்பார்கள்.

காகிதங்களில் நம் பிள்ளைகள் சறுக்குவது ஒன்பதாம் வகுப்பில். மாணவர்களின் தகுதியைச் சரிபார்க்கும் என்.சி.ஏ.ஏ. தகுதி மையம் 9 முதல் 12 வரை எல்லா ஆண்டின் மதிப்பெண்களையும் கேட்கும். பத்தாம் வகுப்புப் பட்டியல் பத்திரமாக இருக்கும், ஒன்பதாம் வகுப்புடையது பல பள்ளிகளில் பதிவேட்டோடு சரி. இந்த வாரமே போய், தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையுமாக ஆங்கிலத்தில் வாங்கிவிடுங்கள். டிவிஷன் 1, 2 இரண்டுக்கும் 16 முக்கியப் பாடங்கள் வேண்டும். டிவிஷன் 1-க்கு அதில் கணிதம் மூன்று ஆண்டு. உங்கள் மகள் எடுத்த குரூப்பில் கணிதம் இல்லையென்றால் இப்போதே தகுதி மையத்திடம் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். எஸ்.ஏ.டி. தேர்வை என்.சி.ஏ.ஏ. 2023-இலிருந்து கேட்பதில்லை, சில பல்கலைக்கழகங்கள் கேட்கலாம். ஆங்கிலத் தேர்வு ஒன்று தேவைப்படும்.

கடைசியாக, கடிதம். அதை எழுத வேண்டியது உங்கள் மகள். அப்பா அம்மா எழுதும் கடிதத்தைப் பயிற்சியாளர்கள் அவ்வளவாக மதிப்பதில்லை. பல்கலைக்கழகத் தடகளப் பக்கங்களில் தாண்டுதல் பயிற்சியாளரின் மின்னஞ்சல் இருக்கும். அறுபது எழுபது பேருக்கு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அந்த அணியைப் பற்றித் தெரிந்துகொண்டு எழுதட்டும். பத்துப் பேர் பதில் போட்டாலே நல்ல அறுவடை. பிளஸ் டூ முடியும் மாதமும் ஆண்டும், 12.40-ஐ எந்த ஊரில் எந்தத் தேதியில் தாண்டினாள், காற்றின் அளவு எவ்வளவு, எத்தனை வருஷமாகப் பயிற்சி என்பதெல்லாம் பத்து வரிக்குள் அடங்கட்டும். பள்ளியில் பயிற்சி மண் ரன்வேயில்தான் என்றால் தயங்காமல் சொல்லட்டும். மண்ணில் ஓடி 12.40 வந்தவள் சிந்தெடிக்கில் எங்கே போவாள் என்று அனுபவமுள்ள பயிற்சியாளர் கணக்குப் போடுவார். வீடியோ பக்கவாட்டிலிருந்து, ஓட்டம் தொடங்குவதிலிருந்து மணலில் விழுவது வரை வெட்டாமல், பாட்டுப் போடாமல். தவறிய தாண்டல் ஒன்றும் இருக்கட்டும்.

பதில் வந்து பேச்சு நெருங்கும்போது மூன்று கேள்விகளை அவள் கேட்க வேண்டும். முதல் ஆண்டிலேயே கால் முறிந்தால் ஸ்காலர்ஷிப் என்னவாகும், சிகிச்சைச் செலவு யாருடையது? என்னைச் சேர்த்த பயிற்சியாளரே வேலை மாறிப் போனால்? இப்போது அணியிலிருக்கும் வெளிநாட்டுப் பெண் ஒருவரோடு நான் தனியாகப் பேசலாமா? மூன்றாவதற்கு மழுப்பும் இடத்துக்கு மகளை அனுப்பாதீர்கள். ஒப்பந்தம் ஓர் ஆண்டுக்கா நான்கு ஆண்டுக்கா என்பதையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்து.

அடுத்த ஆண்டின் ஆகஸ்ட் சேர்க்கைக்குப் பல பயிற்சியாளர்கள் முந்தைய செப்டம்பரிலிருந்தே ஆட்களை முடிவு செய்கிறார்கள். நம் பிளஸ் டூ முடிவோ மே மாதம், அதன் பிறகுதான் இறுதி மதிப்பெண், விசா நேர்காணல் எல்லாம். அதனால் முதல் கடிதம் இந்தப் பிளஸ் ஒன் முடிவதற்குள் போகட்டும். அவள் பெயரும் அவள் எண்ணும் முதலில், உங்கள் எண் அதற்குக் கீழே.