குளிர்கால டயர் ஆலோசனை: வேகக் காருக்கு ஆல்-சீசன் எப்போது போதும்?

யாருக்கு: டொராண்டோ வட்டாரத்தில் ஸ்போர்ட்ஸ் காரோ, குதிரைத்திறன் கூடிய செடானோ வைத்திருந்து, அதையே குளிர்காலத்திலும் ஓட்டப்போகிறவர்களுக்கு.

எப்போது: அக்டோபர் கடைசி வாரம் தொடங்கி நவம்பர் முதல் வாரத்துக்குள்.

சுருக்கம்: கோடை டயர் போட்ட கார் நவம்பர் முதல் வாரத்தைத் தாண்டக் கூடாது. பனி கொட்டும் நாளில் காரை வீட்டிலேயே நிறுத்திவிட முடிந்தவருக்கு நல்ல பெர்ஃபார்மன்ஸ் ஆல்-சீசன் டயர் போதும். பனி விழுந்தாலும் வேலைக்குப் போயே தீர வேண்டியவருக்கு அது போதாது. அவருக்கு வேண்டியது தனி ரிம்மில் நான்கு குளிர்கால டயர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. காரில் இப்போது இருப்பது எந்த வகை டயர் என்று பாருங்கள்.
2. நான்கு டயர்களிலும் பள்ளத்தின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள்.
3. டயர் கடையில் நாள் குறித்துவிடுங்கள். முதல் பனி விழுந்த மறுநாள் எல்லாக் கடையிலும் கூட்டம் கூடிவிடும். 19, 20 அங்குல அளவுகள் எப்போதுமே குறைவாகத்தான் இருப்பில் இருக்கும். அப்போது போனால் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.
4. காப்புறுதி நிறுவனத்தை அழைத்து, குளிர்கால டயருக்கான கழிவைக் கேளுங்கள்.

டயரின் பக்கச்சுவரைப் படிப்பது எப்படி

வேகத்துக்காகவே கட்டப்பட்ட கார்கள் பலவும் தொழிற்சாலையிலிருந்து கோடை டயரோடுதான் வருகின்றன. இப்போதைய ஹோண்டா சிவிக் டைப் ஆர், 265/30 அளவில் 19 அங்குல மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயரில் வருகிறது. அது கோடைக்கென்றே செய்த டயர். இத்தகைய காரை இரண்டாம் கையாக வாங்கியவர்கள் பலர் டயரின் வகையைக் கவனிப்பதே இல்லை. பக்கச்சுவரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எம்+எஸ் என்ற எழுத்துகள்: சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று சொல்லும் குறி இது. பள்ளங்கள் போதிய அளவு திறந்திருக்கின்றன என்பதற்கு மேல் இதற்குப் பொருள் இல்லை. இந்த எழுத்துக்காக டயரைப் பனியில் ஓட்டிச் சோதிக்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. ஆல்-சீசன் டயர்களில் இதைக் காணலாம்.

மலைச் சின்னம்: மூன்று முகடுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள். 1999-இல் அமெரிக்க, கனடிய டயர் துறை அமைப்புகள் கொண்டுவந்தது. இறுகிய பனியில் நடத்தும் இழுவைச் சோதனையில் தேறிய டயருக்கே இது கிடைக்கும். ஆனால் அந்தச் சோதனை கார் நேராக முன்னேறும்போது கிடைக்கும் பிடிப்பை மட்டுமே அளக்கிறது. ஐஸில் நிற்பதும் வளைவில் திரும்புவதும் அதில் அடங்காது. ஆகவே மலைச் சின்னமுள்ள இரண்டு டயர்கள் ஐஸில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளலாம்.

இரண்டும் இல்லையென்றால் அது கோடை டயர் என்றே கொள்ளுங்கள்.

டிஓடி எண்: கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். 3524 என்றால் 2024-இன் 35-ஆவது வாரத்தில் செய்தது. தள்ளுபடியில் கிடைக்கும் டயரில் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

7 டிகிரி என்ற எல்லை

வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதும் கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது. சூடான தார்ச்சாலையைக் கவ்வுவதற்கென்றே கலந்த ரப்பர் அது. குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெய் போலத் தன் குணத்தை இழந்துவிடும். இதற்குப் பனி விழவே வேண்டியதில்லை. ஈரம் இல்லாத சாலையிலும், காலை ஏழு மணிக்கு முதல் வளைவில் பின்பக்கம் விலகப் பார்க்கும். கடுங்குளிரில் சில கோடை டயர்களின் ரப்பர் விரிசலும் விடும். அதனால்தான் உறைநிலைக்குக் கீழே காரை நகர்த்தவே வேண்டாம் என்று டயர் நிறுவனங்களே எச்சரிக்கின்றன.

டொராண்டோவில் நவம்பர் காலைகள் பெரும்பாலும் இந்த எல்லைக்குக் கீழேதான். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் நவம்பர் முதல் ஞாயிற்றையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். பகலில் 12 டிகிரி காட்டுகிறதே என்று ஏமாற வேண்டாம்; நீங்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்து வெப்பம்தான் கணக்கு.

யாருக்கு எந்த டயர்

காரின் குதிரைத்திறனையோ கடைக்காரரின் பட்டியலையோ வைத்து முடிவெடுக்காதீர்கள். பனி கொட்டும் நாளில் இந்தக் கார் வீட்டில் நிற்க முடியுமா என்ற ஒரு கேள்வியே போதும்.

முடியும் என்றால்: வீட்டிலிருந்தே வேலை, அல்லது வீட்டில் இன்னொரு கார், அல்லது நடக்கும் தூரத்தில் சுரங்க ரயில். ஓட்டமெல்லாம் உப்பு தூவிச் சுத்தம் செய்த நகரச் சாலைகளில்தான். உங்களுக்குப் பெர்ஃபார்மன்ஸ் ஆல்-சீசன் பொருந்தும். மிஷலின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4, கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டிடபிள்யூஎஸ்06 பிளஸ் ஆகியவை இந்த வகை. குளிர்ந்த ஈரச் சாலையில் நன்றாகப் பிடிக்கும். ஸ்டியரிங்கின் கூர்மையும் பெரிதாக மழுங்காது. மெல்லிய பனியையும் சமாளிக்கும். ஆழமான பனிக்கும் ஐஸுக்கும் இவை ஆகாது.

சில நாட்கள் முடியாது என்றால்: மலைச் சின்னமுள்ள ஆல்-வெதர் டயரைப் பாருங்கள். மிஷலின் கிராஸ்கிளைமேட் 2, நோக்கியன் ரெமெடி டபிள்யூஆர்ஜி5 ஆகியவை இந்த ரகம். பனியில் சாதாரண ஆல்-சீசனைவிடக் கெட்டி. ஆண்டு முழுவதும் கழற்றாமலும் ஓட்டலாம். ஆனால் கோடையில் வளைவுகளில் காரின் விறுவிறுப்பு குறையும். அந்த விறுவிறுப்புக்காகவே காரை வாங்கியவருக்கு இது உறுத்தும். உங்கள் அளவிலும் வேகக் குறியிலும் கிடைக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடியவே முடியாது என்றால்: மருத்துவமனையில் இரவு வேலை, அதிகாலை ஷிப்ட், பாரி, ஒரில்லியா பக்கம் அன்றாடப் பயணம். நெடுஞ்சாலை 400-இல் வடக்கே போகப் போக ஏரிக்காற்று கொண்டுவரும் பனி திடீரெனச் சாலையை மறைக்கும். உங்களுக்குக் குளிர்கால டயர் ஒன்றுதான் வழி. காரின் கையாளும் தன்மை முக்கியம் என்றால் மிஷலின் பைலட் ஆல்பின் 5 போன்றவற்றைப் பாருங்கள். ஐஸில் நிற்பதே முக்கியம் என்றால் பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக், மிஷலின் எக்ஸ்-ஐஸ் வரிசை.

நான்கு சக்கர இழுவை இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சிக்னலிலிருந்து கிளம்ப அது உதவும். பிரேக் பிடிக்கும்போது எல்லாக் காரும் நான்கு சக்கரத்தில்தான் நிற்கிறது. அங்கே உங்களைக் காப்பது டயர் மட்டுமே. நன்றாகக் கிளம்பும் காரில் சாலையின் வழுக்கல் ஓட்டுநருக்குத் தெரியாமலே போகும் என்பது கூடுதல் ஆபத்து.

ஆல்-சீசன் வாங்குவது என்று முடிவானால்

நான்கையும் ஒரே மாடலில் வாங்குங்கள். பின்சக்கர இழுவைக் காருக்கு இரண்டு போதும் என்று பின்னால் மட்டும் மாற்றினால், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் வழுக்கும். முன்னால் மட்டும் மாற்றினால் வளைவில் பின்பக்கம் சுற்றிவிடும். சுபாரு போன்ற நான்கு சக்கர இழுவைக் காரில் டயர்களின் சுற்றளவு வேறுபட்டால் டிஃபரன்ஷியலும் அடிவாங்கும்.

சுமைக் குறியீடு, காரின் கதவு ஓரத்து ஒட்டியில் உள்ளதைவிடக் குறையவே கூடாது. மின்சாரக் கார் எடை கூடியது. அங்கே இதில் இன்னும் கவனம் வேண்டும். வேகக் குறியில் எச் 210, வி 240, டபிள்யூ 270 கி.மீ. வேகத்தைக் குறிக்கும். ஆல்-சீசனில் தொழிற்சாலைக் குறியையே வைத்துக்கொள்வது நல்லது. குளிர்கால டயரில் ஒரு படி இறங்கலாம். ஆனால் அந்த டயரின் வேக எல்லைக்குள்தான் ஓட்ட வேண்டும்.

பள்ளத்தின் ஆழம் 5 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்ட ஆல்-சீசனை நம்பி இன்னொரு குளிர்காலத்தில் இறங்காதீர்கள். சட்டம் அதைவிடத் தேய்ந்த டயரையும் அனுமதிக்கும், பனி அனுமதிக்காது. பள்ளங்களில் பனி நிறைந்து இறுகி, அந்தப் பனி சாலைப் பனியைக் கவ்வுவதால்தான் டயர் நகர்கிறது. பள்ளம் தேய்ந்தால் கவ்வுவதற்கு இடமில்லை. மேலே சொன்ன கான்டினென்டல் டயரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: பள்ளங்களுக்கு இடையில் டி, டபிள்யூ, எஸ் என்று மூன்று எழுத்துகள் இருக்கும். எஸ் தேய்ந்து மறைந்தால் பனிக்கான தகுதி போய்விட்டது என்று பொருள்.

குளிர்கால டயர் என்று முடிவானால்

தனி ரிம் வாங்குங்கள், முடிந்தால் ஓர் அங்குலம் சிறியதாக. 19-க்குப் பதில் 18 என்றால் பக்கச்சுவர் உயரும். பிப்ரவரி, மார்ச்சில் சாலையெங்கும் திறக்கும் குழிகளில் ரிம் வளையாமல் தப்பும். அகலம் குறைந்த டயர் கரைபனிக் கூழின் மேல் மிதக்காமல் அதை வெட்டிக்கொண்டு போகும். உப்பால் கெடுவதும் விலையுயர்ந்த கோடை ரிம்மாக இருக்காது. வாங்கும் முன் பெரிய பிரேக் காலிப்பருக்கு அந்த ரிம் இடம் கொடுக்குமா என்று உறுதிசெய்யுங்கள். பின் டயர் முன் டயரைவிட அகலமாக உள்ள கார்களுக்கு, நான்கும் ஒரே அளவில் போட அனுமதி உண்டா என்று கையேட்டில் பாருங்கள். இருந்தால் செலவும் குறையும், டயர்களை இடம் மாற்றிப் போடவும் முடியும்.

ஒன்டாரியோவில் குளிர்கால டயர் கட்டாயமில்லை. ஆனால் 2016 ஜனவரி 1 முதல் காப்புறுதி நிறுவனங்கள் அதற்குக் கழிவு தர வேண்டும். சாதாரண ஆல்-சீசனுக்கு இது பொதுவாகக் கிடைக்காது. ஆல்-வெதருக்கு உண்டா என்று கேட்டுப் பாருங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைச் சின்னம் கட்டாயம். நத்தார் விடுமுறைக்கு மொன்றியல் உறவினர் வீட்டுக்குப் போகும் ஒன்டாரியோ காரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்றாலும், சாலையும் பனியும் அவர்களுக்கு உள்ளதுதான் உங்களுக்கும்.

மாட்டிய பிறகு

நட்டுகளை 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரென்ச்சால் மறுபடி சரிபாருங்கள்.

காற்றழுத்தத்தைக் கார் ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து பாருங்கள். வெப்பம் ஐந்தரை டிகிரி குறைந்தால் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். 20 டிகிரி கராஜில் 35 வைத்த டயர், மைனஸ் 10 டிகிரிக் காலையில் 30 பக்கம் நிற்கும். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும்வரை காத்திருக்காமல் மாதம் ஒருமுறை பாருங்கள்.

ஸ்போர்ட் மோடைக் குளிர்காலம் முடியும்வரை மறந்துவிடுங்கள். இழுவைக் கட்டுப்பாட்டை அணைக்காதீர்கள்; ஆழ்பனியில் சிக்கி வெளியேறும் நேரம் மட்டும் விலக்கு. மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டரை விட்டதும் பிடிக்கும் மீளாக்க பிரேக்கைக் குறைத்து வையுங்கள். வழுக்கும் வளைவில் அதுவே சக்கரத்தை நழுவவிடும்.

வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும் நாட்களில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். மைனஸ் 20-இல் உள்ள ஐஸைவிட, மேலே நீர்ப்படலம் படிந்த பூஜ்ய டிகிரி ஐஸ் மோசமாக வழுக்கும். பாலங்களும் நெடுஞ்சாலை வளைவுப் பாதைகளும்தான் முதலில் உறையும். உறைமழை எச்சரிக்கை வந்த நாளில் எந்த டயர் போட்டிருந்தாலும் காரை எடுக்காதீர்கள்.

கழற்றிய கோடை டயர்களைக் கழுவி, உலர்த்தி, இருட்டான உலர்ந்த இடத்தில் வையுங்கள். உறையும் குளிரில் அவற்றைத் தூக்கிப் போடவோ வளைக்கவோ வேண்டாம். ஃபர்னஸ், மோட்டார் பக்கத்திலும் வைக்காதீர்கள். அங்கே உண்டாகும் ஓசோன் ரப்பரைக் கெடுக்கும். ஒவ்வொன்றும் எந்தச் சக்கரத்திலிருந்து வந்தது என்று சாக்பீஸால் எழுதிவையுங்கள். ஏப்ரலில் காலை வெப்பம் தொடர்ந்து 7 டிகிரிக்கு மேல் நின்றதும் திரும்ப மாட்டுங்கள். குளிர்கால டயரை மே மாத வெயிலிலும் ஓட்டினால், அடுத்த பனிக்கு வேண்டிய பள்ளம் அதற்குள் தேய்ந்துபோகும்.