வகுப்பில் குழப்பம் செய்யும் பிள்ளை

பால் வற்றிய மரத்தை நாம் மேலும் மேலும் சீவுவதில்லை; பட்டையைப் பார்த்து, சில காலம் ஓய்வு கொடுக்கிறோம். வகுப்பில் குழப்பம் செய்யும் பிள்ளையிடத்தும் முதலில் காரணத்தையே தேடுதல் வேண்டும்.

பெற்றோர் விடியுமுன் பிரட்டுக்குப் புறப்படும்போது பிள்ளையும் விழித்துக்கொள்கிறான். தூக்கமும் காலை உணவும் குறைந்தவன் வகுப்பில் எரிச்சல் கொள்கிறான். கரும்பலகை எழுத்துத் தெரியாதவன் பக்கத்துப் பையனைக் கேட்கிறான். அது சண்டையில் முடிகிறது. காது மந்தமானவன் ‘சொல் கேளாதவன்’ என்று பெயர் எடுக்கிறான்.

கிள்ளான் வட்டாரத்தில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. அங்கிருந்து பெயர்ந்த பிள்ளைகள் பழகிய தோழரையும் திடலையும் இழந்தனர். ஆறாண்டுகள் தமிழில் பயின்று இடைநிலைப் பள்ளிக்குச் செல்பவனுக்கு மலாய்மொழிப் பாடம் விளங்காதிருக்கலாம். ‘மடையன்’ எனப்படுவதைவிடக் ‘குறும்பன்’ எனப்படுவதே அவனுக்கு மேலாகத் தோன்றுகிறது.

‘இவனுக்குப் படிப்பு ஏறாது’ என்று பிள்ளையை நிறுத்திவிடலாகாது. 2003ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயமாகும். மீறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஆகவே, பிள்ளையை நேரத்தோடு உறங்கச் செய்வோம். அரசாங்க மருந்தகத்தில் கண்ணையும் காதையும் சோதிப்போம். ஆசிரியரைக் காணும்போது, ‘என்ன செய்தான்?’ என்பதோடு நில்லாமல், ‘எந்தப் பாடத்தில், எந்த நேரத்தில் செய்கிறான்?’ என்றும் கேட்போமாக. காரணம் பெரும்பாலும் அவ்விடையில்தான் இருக்கும். பிரம்பை எடுக்குமுன் இக்கேள்வியைக் கேட்பது பெற்றோராகிய நமது கடமையாகும்.