மஞ்சளைக் கண்டதும் மின்சாரத்தைப் பிடுங்காதீர்கள்

கேள்வி: எங்கள் சர்வர் அறையில் ப்ரோகேட் 5100 ஃபைபர் சேனல் ஸ்விட்ச் இரண்டு, ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு ஓடுகின்றன. யுபிஎஸ் கோளாறால் ஒன்று மட்டும் ஒரு நாள் நின்றுபோனது. திரும்பப் போட்டால் விளக்குகள் மஞ்சளும் பச்சையுமாக மாறி மாறி மின்னின. பயந்துபோய் அணைத்துவிட்டோம். மறுபடி போட்டபோதும் அப்படியே. இப்போது இரண்டு போர்ட்களில் மஞ்சள், ஒன்றில் மெதுவாக மின்னும் பச்சை. ஸ்விட்ச் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. நீங்கள் முதலில் பார்த்தது பழுதல்ல, அது தன்னைத்தானே சோதித்துக்கொண்ட காட்சி. மின்சாரம் வந்ததும் இந்த ஸ்விட்ச் நினைவகத்தையும் போர்ட்களையும் ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கும். அதற்குக் குறைந்தது 3 நிமிடம் வேண்டும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், அவ்வளவுதான். சோதனை முடிந்தபின் ஸ்விட்சின் நிலையைக் காட்டும் விளக்கு பச்சையானால் தேறிவிட்டது. மஞ்சளிலேயே நின்றால்தான் கவலை. அப்போது 'எர்டம்ப்' கட்டளையில் எந்தச் சோதனை தோற்றது என்று பாருங்கள். அவசரத்தில் சோதனையைத் தாண்டிச் செல்ல 'ஃபாஸ்ட்பூட்' உண்டு. மின்சாரம் தடுமாறிய ஸ்விட்சில் அதைச் செய்ய வேண்டாம் என்பேன்.

இனி போர்ட்கள். நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், மின்னும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அசையாத மஞ்சள் என்றால் எதிர்முனையிலிருந்து ஒளி வருகிறது, இணைப்பு இன்னும் முழுமையாகவில்லை. இரு முனைகளிலும் வேகம் பொருந்துகிறதா, சர்வரின் ஃபைபர் சேனல் அட்டைக்கான (ஹெச்பிஏ) டிரைவர் ஏறியதா என்று பாருங்கள். 2 விநாடிக்கு ஒருமுறை மின்னும் மஞ்சள், போர்ட் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதைச் சொல்கிறது. பெரும்பாலும் யாரோ 'போர்ட்டிஸேபிள்' கொடுத்திருப்பார்கள், கேபிளை மாற்றிப் பயனில்லை. அரை விநாடிக்கு ஒருமுறை படபடத்தால் அது பழுது. அந்தப் போர்ட்டில் செருகியிருக்கும் ஒளி மாட்யூலை (எஸ்எஃப்பி) வேறு காலிப் போர்ட்டில் போடுங்கள், படபடப்பும் கூடவே போனால் குற்றவாளி எஸ்எஃப்பிதான். விளக்கே இல்லையென்றால் ஒளி வரவில்லை. கேபிள் முனைக்குள் கண்ணை வைத்துச் சோதிக்காதீர்கள்: அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையில் கவலை தருவது அந்தப் பச்சைதான். அசையாத பச்சை நலம், தரவு ஓடும்போது அது துடிக்கும். 2 விநாடிக்கு ஒருமுறை மின்னும் பச்சையோ, கேபிள் நன்றாக இருந்தும் அக்கம்பக்கத்து ஸ்விட்ச்கள் சேர மறுத்துப் பிரிந்து நிற்பதைக் காட்டுகிறது. பச்சைதானே என்று விட்டுவிடுவார்கள். இந்த ஸ்விட்சில் உள்ள சர்வர்களுக்கோ மற்றதில் மாட்டிய ஸ்டோரேஜ் தெரியாது. 'ஸ்விட்ச்ஷோ' கட்டளையில் அந்தப் போர்ட்டுக்கு எதிரே காரணமும் வரும். இரண்டுக்கும் ஒரே டொமைன் எண் இருக்கலாம். உங்கள் நிலைமையில் நான் முதலில் சந்தேகிப்பது ஸோனிங்கை, அதாவது எந்தச் சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்ற பட்டியலை. இது நின்றுகிடந்த நாளில் மற்றதில் யாராவது ஸோன் சேர்த்தார்களா, மாற்றினார்களா? அப்படியென்றால் இதனிடம் இருப்பது பழைய பட்டியல், இரண்டும் முட்டிக்கொள்கின்றன.

பழைய பட்டியல் உள்ள ஸ்விட்சில் மட்டும் 'ஸ்விட்ச்டிஸேபிள்' கொடுத்து, ஸோனிங்கை 'சிஎஃப்ஜிடிஸேபிள்', 'சிஎஃப்ஜிக்ளியர்', 'சிஎஃப்ஜிசேவ்' என்ற வரிசையில் அழித்துவிட்டு, 'ஸ்விட்ச்எனேபிள்' கொடுங்கள். புதிய பட்டியலை அது மற்றதிடமிருந்து வாங்கிக்கொள்ளும். எந்த ஸ்விட்சில் தட்டச்சு செய்கிறோம் என்று இருமுறை பாருங்கள்: மாற்றி அழித்தால் நல்ல பட்டியல் போய்விடும், அதனால் இரண்டிலும் 'கான்ஃபிக்அப்லோட்' எடுத்த பிறகே கை வையுங்கள். நிறுத்தும்போது அதன் எல்லாப் போர்ட்களும் துண்டிக்கப்படும். ஒவ்வொரு சர்வருக்கும் மற்ற ஸ்விட்ச் வழியே ஸ்டோரேஜுக்குப் பாதை உயிரோடு இருக்கிறதா என்று சர்வரின் மல்டிபாத் மென்பொருளில் உறுதி செய்துகொண்டு, வேலை குறைந்த நேரத்தில் தொடங்குங்கள்.