5,800 ரூபாய் கார்ப்பெட்டும் பவானி ஜமக்காளமும்: ஹாலுக்கு எது கட்டுபடி ஆகும்?



கட்டில், ஃபேன், கேஸ் ஸ்டவ் எல்லாம் வாங்கி முடிச்சு ஹாலைப் பார்த்தா, வெள்ளை டைல்ஸ் மட்டும் வெறிச்சோடித் தெரியும். "ஒரு கார்ப்பெட் போட்டா வீடு நிறைஞ்ச மாதிரி இருக்குமே"னு அப்பதான் தோணும். எனக்கும் தோணுச்சு. சேலம் சூரமங்கலத்துல முதல் வாடகை வீடு எடுத்தப்போ 5-க்கு 7 அடியில ஒரு புசுபுசு கார்ப்பெட் வாங்கினேன். கடையில அதுக்கு 'ஷேகி'னு பேர். விலை 5,800 ரூபாய். கையில காசு இருந்தும், கிரெடிட் கார்டுல 6 மாச நோ காஸ்ட் இ.எம்.ஐ. போட்டேன். சும்மா கிடைக்குதேங்கிற ஆசைதான்.

சும்மா கிடைக்கல. நோ காஸ்ட் இ.எம்.ஐ.ல பேங்க் வழக்கம்போல வட்டி போடும். அந்த வட்டி அளவுக்கு விலையில முன்கூட்டியே தள்ளுபடி காட்டி சரிக்கட்டிடுவாங்க. ஆனா அந்த வட்டி மேல வர்ற 18% ஜி.எஸ்.டி.யை நாமதான் கட்டணும். ப்ராசஸிங் ஃபீஸ் 199 ரூபாய், அதுக்கும் 18% ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து எனக்கு 285 ரூபாய் கிட்ட கூடுதலா போச்சு. சின்னத் தொகைதான், ஆனா 'நோ காஸ்ட்'னு சொன்னது பொய்தானே?

மூணாவது வாரமே சோதனை வந்துச்சு. நண்பர்கள் தட்டுவடை செட் வாங்கிட்டு வந்தாங்க. சேலத்துக்காரங்களுக்கு விளக்கம் வேண்டாம்: பீட்ரூட், கேரட் துருவல், ரெண்டு சட்னி. ஒருத்தன் கை தவறி ஒரு பிளேட் அப்படியே கார்ப்பெட்ல கவிழ்ந்துச்சு. ஈரத்துணி, சோப்புத் தண்ணி, சோடா உப்பு, எல்லாம் போட்டுத் தேய்ச்சேன். கறை அகலமாச்சு, அவ்வளவுதான். வாஷிங் மெஷின்ல நுழையாது. பாத்ரூம்ல ஊறவைக்கலாம்னு போட்டா, நனைஞ்ச பிறகு தூக்கவே முடியல. கடைசியில கிளீனிங் கடைக்குக் கொடுத்தேன். சதுர அடிக்கு 20 ரூபாய். 35 சதுர அடிக்கு 700 ரூபாய். வருஷத்துக்கு ரெண்டு தடவை கொடுக்கலைனா வாடை வரும். ரெண்டு வருஷத்துல நடக்குற இடமெல்லாம் இழை அமுங்கி, வழுக்கை விழுந்த மாதிரி ஆயிடுச்சு.

இப்போ கணக்குக்கு வருவோம். நம்ம சேனல்ல பைக்குக்கும் ஃபோனுக்கும் போட்ட அதே கணக்குதான். வாங்கின விலையை மட்டும் பார்க்காதீங்க. விலையோட பராமரிப்புச் செலவைக் கூட்டி, எத்தனை வருஷம் உழைக்குதோ அதால வகுங்க. என் கார்ப்பெட்டுக்கு 5,800 + 285 + நாலு தடவை கிளீனிங் 2,800. மொத்தம் 8,885 ரூபாய். உழைச்சது ரெண்டு வருஷம். அதாவது மாசத்துக்கு 370 ரூபாய். என் ஹாட்ஸ்பாட், ஃபோன் ரீசார்ஜ் ரெண்டும் சேர்த்தே அவ்வளவு வராது. கறை விழுந்த ஒரு துணிக்கு நான் வாடகை கட்டிட்டு இருந்திருக்கேன்.

தப்பு கார்ப்பெட் மேல இல்லை. கதவைச் சாத்தி ஏ.சி. ஓடுற, செருப்புக் கால் படாத, வேக்கம் கிளீனர் இருக்குற ரூமுக்கு அது சரியான பொருளா இருக்கலாம். நம்ம ஊர் அப்படியா? பங்குனி, சித்திரையில ஜன்னலைத் திறந்து வச்சா சாயங்காலத்துக்குள்ள தரையில புழுதி படியும். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் மெயின் ரோட்டு ஓரம் இருந்தா லாரிப் புழுதி தனி. நீளமான இழை இருக்குற எந்த விரிப்பும் அந்தத் தூசியை உள்ளே வாங்கி வச்சுக்கும். மேலே விளக்குமாறு போட்டா வராது. வீட்டுல யாருக்காவது தும்மல், வீஸிங் இருந்தா இதையும் செலவுக் கணக்குல சேருங்க. அதோட நாம தரையில உட்கார்ந்து சாப்பிடுற ஆளுங்க. சாம்பார் விழும், விழத்தான் செய்யும்.

அப்போ எதைப் பார்த்து வாங்கணும்? இழையையும் நெசவையும் பாருங்க. டிசைனை அப்புறம் பார்த்துக்கலாம்.

பாலிப்ரொப்பிலீன்ல செஞ்சது தண்ணியை உறிஞ்சாது, அதனால காபி, ஜூஸ் கறை லேசா போயிடும். விலையும் குறைவு. ஆனா எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கும், சூடான அயர்ன் பாக்ஸ் பட்டா உருகிடும், இழை சீக்கிரம் அமுங்கும். நைலான் அமுங்கினாலும் எழுந்து நிக்கும், விலை கூட. கம்பளி நம்ம வெயிலுக்கும் பட்ஜெட்டுக்கும் ஒத்து வராது, விட்டுடுவோம். சணல் விரிப்பு ஃபோட்டோல ரொம்ப அழகா இருக்கும். ஆனா தண்ணி பட்டா பழுப்புத் தடம் விழும், ஈரம் தங்கினா பூஞ்சை வரும். கோரைப்பாய் நல்ல பொருள். நாமக்கல், கரூர் பக்கம் காவிரிக் கரையில கோரையை நட்டே வளர்க்கிறாங்க. வெயிலுக்குக் குளிர்ச்சியா இருக்கும், தூசியைத் தட்டினா போயிடும். ஆனா அதை மடிக்கக் கூடாது, சுருட்டித்தான் வைக்கணும். ஐப்பசி, கார்த்திகை மழையில காயவிடாம வச்சா கெட்டுடும். சோஃபா கால் அழுத்தினாலும் உடையும். படுக்க, உட்கார சரி. ஹால்ல நிரந்தரமா போட்டு வைக்க அது தாங்காது.

மிச்சம் இருக்குறது நம்ம தாத்தா வீட்டுப் பரண்ல இருந்த அதே பொருள், ஜமக்காளம்.

கல்யாண மண்டபத்துல பந்தி விரிச்சதும், ஊர்ப் பஞ்சாயத்துல எல்லாரும் உட்கார்ந்ததும் இது மேலதான். அதனாலதான் நமக்கு இது 'ஹோம் டெக்கர்'னு தோணுறதில்லை. இவ்வளவுக்கும் இது நம்ம பக்கத்து ஊர் பொருள். சேலத்துல இருந்து சங்ககிரி, குமாரபாளையம் வரைக்கும் போய், காவிரிப் பாலம் தாண்டினா பவானி. 19-ம் நூற்றாண்டு கடைசியில பிரிட்டிஷ் மில் துணி வந்து குவிஞ்சப்போ, சேலை மாதிரியான மெல்லிய துணியை நெய்து அதோட போட்டி போட முடியல. அப்போ அங்கிருந்த ஜங்கமர் நெசவாளர்கள் தடிமனான கலர் நூலைப் போட்டு இந்தக் கெட்டி விரிப்பை நெய்ய ஆரம்பிச்சாங்க. மார்க்கெட்ல அடிபட்டவங்க கண்டுபிடிச்ச புதுப் பொருள்னு சொல்லலாம். 2005-06-ல 'பவானி ஜமக்காளம்' புவிசார் குறியீடு வாங்குச்சு.

இதுல புசுபுசு இழையே கிடையாது, தட்டையான நெசவு. தூசி உள்ளே போய் ஒளியறதுக்கு இடமில்லை. எடுத்து வெளியே ரெண்டு தட்டு தட்டினா வேலை முடிஞ்சது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். மாசம் ஒரு தடவை திருப்பிப் போட்டா தேய்மானம் ரெண்டு பக்கமும் பிரியும். பருத்திங்கிறதால கறையை உறிஞ்சும், உண்மைதான். ஆனா துவைச்சுக்கலாமே! கார்ப்பெட்ல கறை விழுந்தா 700 ரூபாய், இதுல விழுந்தா சோப்புத் தண்ணி.

கணக்கு போடுவோம். கிட்டத்தட்ட அதே இடத்தை அடைக்க, 3-க்கு 6 அடியில ரெண்டு ஜமக்காளம், மொத்தம் 1,500 ரூபாய்னு ஒரு கணக்குக்கு வச்சுக்குவோம். அடியில போட வலை 400 ரூபாய் (அதைப் பத்திப் பின்னாடி சொல்றேன்). வருஷத்துக்கு 6 துவையல், துவையலுக்கு 30 ரூபாய், ஆக 180. அஞ்சு வருஷம் உழைச்சா 1,900 + 900 = 2,800. வருஷத்துக்கு 560 ரூபாய். கார்ப்பெட்டுக்கு எனக்கு வருஷத்துக்கு 4,440 ஆச்சு. சரி, அஞ்சு வருஷம் வராது, மூணு வருஷம்தான் வரும்னு வச்சாலும் 1,900 + 540 = 2,440, வருஷத்துக்கு 813. உங்க கடை விலை வேறயா இருந்தா அந்த எண்ணை மட்டும் மாத்திப் போட்டுப் பாருங்க. விலை ரெண்டு மடங்கு ஆனாக்கூட கார்ப்பெட் பக்கம் நெருங்காது.

ஆனா ஒரு விஷயத்தை மறைச்சா அது நியாயம் இல்லை. ஜமக்காளம் வழுக்கும். பழைய வீட்டுச் சிமெண்ட் தரையில பிரச்சினை இல்லை. இப்போ நம்ம வாடகை வீடெல்லாம் வழவழ டைல்ஸ். நான் வாங்கின அடுத்த மாசம் அம்மா வந்திருந்தாங்க. கையில டம்ளரோட வந்தவங்க ஓரத்துல கால் வச்சாங்க, ஜமக்காளம் அவங்களோடவே நகர்ந்துச்சு. கையை ஊணி விழுந்ததுல மணிக்கட்டுல விரிசல். எக்ஸ்-ரே, மாவுக்கட்டு, மூணு தடவை டாக்டர், மருந்து, எல்லாம் சேர்த்து 4,300 ரூபாய். ஆபீஸ்ல இருக்குற குரூப் இன்ஷூரன்ஸ்ல அம்மா பேரும் இருக்கேனு கேட்டா, அட்மிட் ஆகலைங்கிறதால கிளெய்ம் இல்லைனுட்டாங்க. பெரும்பாலான குரூப் பாலிசி அப்படித்தான். வெளிநோயாளிச் செலவுக்குத் தனியா சேர்த்திருந்தாதான் கிடைக்கும். உங்க பாலிசியை இன்னைக்கே ஒரு தடவை திறந்து பாருங்க. ஆறு வாரம் அம்மாவால சோறு பிசைய முடியல. 400 ரூபாய் வலையைத் தள்ளிப் போட்டதுக்கு அவங்க கொடுத்த விலை அது. "பரவால்ல விடுடா, வயசாச்சு எனக்கு"னு அவங்க சொன்னதுதான் இன்னும் உறுத்துது. வயசால விழல, என் சோம்பேறித்தனத்தால விழுந்தாங்க.

அதனால ஜமக்காளம் வாங்குற அன்னைக்கே, அடியில விரிக்கிற ரப்பர் வலையையும் வாங்குங்க. ஜமக்காளத்தை விட நாலு பக்கமும் ஒரு அங்குலம் சின்னதா வெட்டிக்கோங்க, வெளியே தெரியாது. பெரியவங்க இருக்குற வீடா இருந்தா நடைபாதையில விரிப்பே வேண்டாம், உட்கார்ற இடத்துல மட்டும் போதும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 1985-ம் வருஷ கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டப்படி, ஜமக்காளத்தை விசைத்தறியில நெய்யக் கூடாது, கைத்தறிக்குனு ஒதுக்கின ரகம் அது. இருந்தும் 'பவானி'னு பேர் போட்டு விசைத்தறிச் சரக்கு விக்குது. அதுல பாலியஸ்டர் கலந்ததும் உண்டு. நெசவாளருக்கு இது கூலிப் பிரச்சினை. நமக்கோ, கைத்தறி விலை கொடுத்துட்டு வேற பொருளைத் தூக்கிட்டு வர்ற பிரச்சினை. 2006-ல மத்திய அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரை லேபிள் இருக்கானு பாருங்க. பவானிக்கு நேர்ல போனா கூட்டுறவு சங்கக் கடையில கேளுங்க. சேலம், நாமக்கல்லயே வாங்கணும்னா கோ-ஆப்டெக்ஸ் இருக்கு. தீபாவளி சீசன்ல 30% தள்ளுபடி வழக்கமா தருவாங்க, அவசரம் இல்லைனா அதுவரைக்கும் பொறுங்க. சந்தேகம்னா ஓரத்துல தொங்குற ஒரு நூலை வீட்டுல இடுக்கியில பிடிச்சுக் கொளுத்திப் பாருங்க. பருத்தினா காகிதம் எரிஞ்ச வாடை வந்து சாம்பல் உதிரும். பாலியஸ்டர்னா உருகி, கெட்டியான மணி மாதிரி சுருளும்.

கடையிலயே ஒரு வெள்ளைக் கைக்குட்டையை ஈரம் பண்ணி, கறுப்பு இல்லைனா சிவப்புப் பட்டை மேல நாலு தடவை தேயுங்க. லேசா ஒட்டினா பரவாயில்லை, முதல் ரெண்டு துவையல்ல நின்னுடும். கைக்குட்டையே சிவந்தா வைச்சுட்டு வந்துடுங்க. வெள்ளை டைல்ஸ்ல சாயம் இறங்குனா வீட்டு ஓனர் அட்வான்ஸ்ல கை வைப்பார்.

சைஸ் விஷயத்துல பெருசா ஆசைப்படாதீங்க. நனைஞ்ச பிறகு ஒரு ஆளால தூக்கிக் கொடியில போட முடியுதா, அதுதான் அளவு. 6-க்கு 9 அடி ஒண்ணு வாங்குறதுக்குப் பதிலா சின்னதா ரெண்டு, மூணு வாங்கிச் சேர்த்துப் போடுங்க. ஒண்ணுல கறை பட்டா அதை மட்டும் துவைச்சா போதும், வீடு மாறும்போது பைக்ல கட்டிட்டும் போகலாம்.

துவைக்கிறதுல நம்ம ஊருக்குனு ஒரு சிக்கல் இருக்கு. போர் தண்ணி உப்பு. சோப்பு நுரைக்காது, உடனே நாம இன்னும் கொஞ்சம் பவுடர் போடுவோம். அது முழுசா அலசிப் போகாம நூல்ல தங்கி, காஞ்ச பிறகு விறைப்பா நிக்கும், தூசியையும் இழுக்கும். பவுடரைக் குறைச்சுப் போட்டு, அலசுறதை ஒரு தடவை கூட்டுங்க. காவிரித் தண்ணி வர்ற நாளா பார்த்துத் துவைச்சா இன்னும் நல்லது. பிளீச் வேண்டாம். நேர் வெயில்ல நாள் பூரா போட்டா வெளுத்துடும், நிழல்ல காயட்டும். வாசல்ல ஒரு தேங்காய் நார் மிதியடி போட்டுட்டா பாதிப் புழுதி அங்கேயே நின்னுடும், துவையலும் குறையும்.

ஒருவேளை உங்க வீட்டுல ஏற்கனவே ஒரு புசுபுசு கார்ப்பெட் கிடந்தா அதைத் தூக்கிப் போட வேண்டாம், அந்தக் காசு போனது போனதுதான். கட்டிலுக்குப் பக்கத்துல, சாப்பாடு வராத இடத்துல போடுங்க. கிளீனிங்குக்குக் கொடுக்க 700 ரூபாய் எடுக்கும்போது மட்டும் ஒரு நிமிஷம் யோசிங்க. கடைக்குக் கிளம்புறவங்க டேப்பை எடுத்து ஹாலை முதல்ல அளந்துக்கோங்க, சோஃபாவுக்கும் டி.வி. ஸ்டாண்டுக்கும் நடுவுல இருக்குற இடம் மட்டும் போதும், பெரும்பாலான 1 பி.எச்.கே.ல 3-க்கு 6 ரெண்டுக்கு மேல அங்க விரிக்க இடம் இருக்காது.