அரசாங்க வேலை போன வீடு: நம் குழு தெரிந்துகொள்ள வேண்டியவை



"கால் காசுன்னாலும் கவர்மெண்டு உத்தியோகம்" என்று நம் ஊர்ப் பக்கம் சொல்வார்கள். பெண் கொடுக்கும்போது அதைத்தான் விசாரிப்பார்கள். கடன் கொடுக்கிறவரும் அதைத்தான் பார்ப்பார். நம் குழுவில் கடன் மனு படிக்கும்போதுகூட, "அந்த வீட்டுல அரசாங்க வேலை இருக்கு" என்றால் எல்லோருக்கும் ஒரு தைரியம். மாசம் பிறந்தால் சம்பளம் வரும், தவணை நிற்காது என்ற நம்பிக்கை.

அந்த வேலையும் ஒரே உத்தரவில், ஒரே நாளில், ஆயிரக்கணக்கான பேருக்குப் போயிருக்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே பல தடவை நடந்திருக்கிறது. எத்தனை பேருக்கு வேலை போனது என்ற கணக்கு பேப்பரில் வரும். அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்பது வராது. இந்தப் பாடத்தில் அதைப் பார்க்கப் போகிறோம். எந்தக் கட்சியையும் புகழவோ இகழவோ இதை எழுதவில்லை. நாளைக்கு நம் குழுவில் ஒரு உறுப்பினர் வீட்டில் இது நடந்தால் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் நமக்குத் தேவை.

நடந்தது என்ன?

முதலில் மக்கள் நலப் பணியாளர்கள் கதை. 40 வயதைத் தாண்டிய சகோதரிகளுக்கு இவர்களை நன்றாகத் தெரியும். 1989-ல் கலைஞர் மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது, பஞ்சாயத்துக்கு இரண்டு பேர் என்று படித்த இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் இந்த வேலை கொடுத்தார்கள். 1991-ல் ஆட்சி மாறியது, ஜெயலலிதா முதல்வரானார், வேலை போனது. 1997-ல் திரும்ப வந்தது. 2001-ல் திரும்பப் போனது. 2006-ல் மீண்டும் வந்தது. 2011 நவம்பர் 8-ஆம் தேதி மூன்றாவது தடவையாகப் போனது. அப்போது மட்டும் சுமார் 13,500 பேர்.

நம் உத்திரமேரூர் ஒன்றியத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட பஞ்சாயத்துகள் இருக்கின்றன. பஞ்சாயத்துக்கு ஒரு வீடு என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை வீட்டிலும் ஒரே நாளில் சம்பளம் நின்றது.

அடுத்தது சாலைப் பணியாளர்கள். 2002 செப்டம்பரில் நெடுஞ்சாலைத் துறையில் சுமார் 10,000 பேரை நீக்கினார்கள். 2006 பிப்ரவரியில்தான் திரும்ப எடுத்தார்கள். நடுவில் 41 மாதம். அந்த 41 மாதத்தையும் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி அவர்கள் பிறகும் பல வருஷம் போராட வேண்டியிருந்தது.

மூன்றாவது 2003 ஜூலை. ஓய்வூதியச் சலுகைகளைக் குறைத்ததை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில நாளில் சுமார் 1,70,000 பேரை வேலையை விட்டு நீக்கினார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதி வாங்கிக்கொண்டு பெரும்பாலோரைத் திரும்பச் சேர்த்தார்கள். சுமார் 6,000 பேர் மட்டும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். 2003 ஆகஸ்டில் வந்த தீர்ப்பில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை என்றே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. இலங்கையில் 1980 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள் பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். 2025-ல் பணக்கார நாடான அமெரிக்காவிலும் மத்திய அரசு ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஒரு ஆயுசுக் கணக்கு

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 1989-ல் 22 வயதில் ஒரு பெண் மக்கள் நலப் பணியாளராகச் சேர்ந்தாள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் அவளைத் திரும்ப எடுத்தார்கள் என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் தடவை வேலை போகும்போது அவளுக்கு 24 வயது. திரும்பக் கிடைக்கும்போது 30. இரண்டாவது தடவை போகும்போது 34. கிடைக்கும்போது 39. மூன்றாவது தடவை போகும்போது 44.

அதன் பிறகு கோர்ட்டு. உயர் நீதிமன்றம் 2014-ல் இவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2022 ஏப்ரலில் அப்போதைய முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் ஒரு அறிவிப்பு செய்தார். அப்போது நடந்த 100 நாள் வேலைத் திட்டத்தில் பணி ஒருங்கிணைப்பாளராக இவர்களை எடுத்துக்கொள்வோம், மாதம் 7,500 ரூபாய் என்று சொன்னார். ஒரு பகுதியினர் அதை ஏற்காமல் வழக்கைத் தொடர்ந்தார்கள். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசின் அந்தத் திட்டத்தை ஏற்று வழக்கை முடித்தது.

2022-ல் நம் கணக்கில் உள்ள பெண்ணுக்கு வயசு 55. இந்த 33 வருஷத்தில் அவள் கையில் வேலை இருந்தது சுமார் 11 வருஷம். வேலை இல்லாமல் காத்திருந்தது சுமார் 22 வருஷம். பிள்ளை பெற்றது, படிக்க வைத்தது, மாமியாரைப் பார்த்தது, மகளைக் கட்டிக் கொடுத்தது எல்லாம் இந்தக் காத்திருப்புக்குள்தான்.

"திரும்ப வரும்"னு ஒரு நம்பிக்கை இருந்ததால் வேறு தொழில் கற்கவும் மனசு வரவில்லை. "வராது"ன்னு யாரும் உறுதியாகச் சொல்லவும் இல்லை. வேலை போனதைவிட இந்த இழுபறிதான் பலரை அதிகமாகத் தின்றது.

வீட்டுக்குள் என்ன நடக்கும்?

முதலில் பணம். ஒரு உதாரணம் பார்ப்போம். வீட்டில் மனைவிக்கு 6,000, கணவர் கூலி 5,000, ஆக 11,000 வருமானம். அரிசி, மளிகை, பள்ளிக்கூடம், மருந்து, பஸ் எல்லாம் சேர்ந்து 7,500. குழுத் தவணை 1,500. வெளிக்கடன் 1,000. மொத்தச் செலவு 10,000. கையில் 1,000 மிஞ்சியது. மனைவியின் வேலை போனால் வருமானம் 5,000, செலவு அதே 10,000. மாசம் 5,000 துண்டு விழும். முதல் மாசம் கம்மல் அடகுக்குப் போகும். இரண்டாம் மாசம் அண்டா, குடம். மூன்றாம் மாசம் கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்பார்.

இரண்டாவது மரியாதை. நேற்று வரைக்கும் "மேடம்", "டீச்சரம்மா" என்று கூப்பிட்ட ஊர், இன்றைக்கு "என்னம்மா, வேலை போயிடுச்சாமே?" என்று தெருக்குழாயடியில் கேட்கும். கேட்கிறவர் ஆறுதலாகத்தான் கேட்பார். ஆனாலும் குறுகிப்போகும். கல்யாண வீட்டுக்குப் போவது குறையும். குழுக் கூட்டத்துக்கும் வரமாட்டார்.

மூன்றாவது உறவு. வேலை போனது ஆணாக இருந்தால் குடி கூடலாம், கோபம் கூடலாம், அடி மனைவி மேல் விழலாம். வேலை போனது பெண்ணாக இருந்தால், "இத்தனை நாள் வெளியே சுத்தினியே, இனிமே வீட்டைப் பாரு" என்ற பேச்சு வரும். அவள் சம்பாதித்த காலத்தில் வீட்டில் இருந்த சொல்வாக்கும் சம்பளத்தோடு சேர்ந்து போய்விடும்.

நான்காவது பிள்ளைகள். துண்டு விழுகிற வீட்டில் முதலில் நிற்பது பெரும்பாலும் பெண்பிள்ளையின் படிப்புதான். "ஒரு வருஷம் நிறுத்தி வை" என்பார்கள். அந்த ஒரு வருஷம் முடிவதே இல்லை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஒரே உத்தரவில் 13,500 பேருக்கு வேலை போனால், 13,500 பேரும் தனித்தனியாகத் தப்பு செய்தார்கள் என்று அர்த்தம் இல்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒருத்தி, "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டிருப்பாள். "நீ ஒண்ணும் செய்யலை" என்று அவளிடம் சொல்ல ஆள் வேண்டும்.

நம்முடைய வேலை எந்த வகை?

நம் உத்திரமேரூர் கல்வெட்டை வெளியூர்க்காரர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பராந்தக சோழன் காலத்தில், சுமார் 1,100 வருஷத்துக்கு முன்னால் வெட்டியது. குடவோலை முறையில் தேர்வானவருக்குப் பதவி 360 நாள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. குற்றம் செய்தவரை நீக்கலாம். எத்தனை நாள் பதவி, என்ன காரணத்துக்காகப் போகும் என்பதை எல்லோரும் பார்க்கிற மாதிரி கல்லிலேயே எழுதி வைத்தார்கள்.

நம் வேலைக்கும் அப்படித் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அரசு சார்ந்த வேலையில் மூன்று வகை உண்டு.

1. நிரந்தரப் பணி. காலமுறைச் சம்பளம் உண்டு. குற்றச்சாட்டு சொல்லி, விசாரணை வைத்து, அவர் பக்கத்து நியாயத்தைக் கேட்காமல் பொதுவாக நீக்க முடியாது. அரசியல் சட்டத்தின் 311-ஆவது பிரிவு இந்தப் பாதுகாப்பைத் தருகிறது. இதற்கும் சில விதிவிலக்குகள் உண்டு.

2. தொகுப்பூதியம், மதிப்பூதியம். ஒரு திட்டத்துக்காக எடுத்த பணி. திட்டத்தையோ பணியிடத்தையோ எடுத்துவிட்டால் வேலையும் போகலாம். மக்கள் நலப் பணியாளர்களுக்கு நடந்தது இதுதான்.

3. காண்ட்ராக்ட். சம்பளம் கொடுப்பவர் ஒப்பந்தக்காரர். ஒப்பந்தம் மாறினால் ஆளும் மாறலாம்.

நம் குழுப் பெண்கள் பலர் இன்றைக்கு இரண்டாவது, மூன்றாவது வகையில்தான் இருக்கிறார்கள். 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோதும் நம்மைப் போன்ற குழுப் பெண்கள் பலர் தன்னார்வலராகச் சேர்ந்தார்கள். பயந்து வேலையை விடச் சொல்லவில்லை. எந்த வகை என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற அளவில் கடன் வாங்குங்கள் என்கிறோம்.

பணி நியமன ஆணை, வருகைப் பதிவின் நகல், சம்பளம் ஏறிய பாஸ்புக், அடையாள அட்டை, நீக்கிய உத்தரவு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருஷம் கழித்துக்கூடக் கூப்பிடலாம் என்பதைப் பார்த்தோம். அன்றைக்குப் பேசப்போவது அந்தக் காகிதம்தான். பி.எஃப். பிடித்திருந்தால் அதன் எண்ணையும் எழுதி வையுங்கள். அது உங்கள் பணம்.

குழு என்ன செய்யலாம்?

வீட்டுக்குப் போங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் முதல் வாரத்திலேயே போக வேண்டும். தவணையைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம். "கூட்டத்துக்கு வாக்கா, நாங்க இருக்கோம்" என்று கூப்பிட்டால் போதும்.

தவணையை மாற்றுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் குழுக் கடன் பாக்கி 15,000, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாசத்துக்கு வட்டி மட்டும் கட்டச் சொன்னால் மாசம் 150 ரூபாய்தான். 1,350 ரூபாய் அந்த வீட்டில் அடுப்புக்கு மிஞ்சும். குழுவுக்கு அசல் போகாது, தாமதமாக வரும். இதைக் கூட்டத்தில் எல்லோரும் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நாளைக்கு யாருக்கு வந்தாலும் அதே விதி என்றும் எழுதுங்கள். கடன் பாங்கில் வாங்கியதாக இருந்தால், தவணை நிற்பதற்கு முன்பே மேலாளரிடம் குழுவாகப் போய்ப் பேசுங்கள். நின்ற பிறகு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கந்துவட்டிக்கு முன் குழு. அவசரத்துக்குச் சின்ன உள்கடன் கொடுக்க வழி பாருங்கள். பஞ்சாயத்துக் கூட்டமைப்பில் உதவி நிதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

சட்ட உதவி. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

மனசு உடைந்தால். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வருகிறது என்றால் தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசம். தமிழிலேயே பேசலாம். வீட்டில் அடி உதை என்றால் 181.

அடுத்த கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் யார் யார் வீட்டில் தொகுப்பூதியம், மதிப்பூதியம், காண்ட்ராக்ட் வேலை இருக்கிறது?
2. அந்தச் சம்பளம் மூன்று மாசம் நின்றால் எந்தச் செலவை முதலில் குறைப்போம்? எதைக் குறைக்கவே மாட்டோம்?
3. வேலை போன உறுப்பினருக்குத் தவணை நீட்டிக்க நம் குழுவில் தீர்மானம் இருக்கிறதா? இல்லை என்றால் இந்தக் கூட்டத்திலேயே போடலாமா?
4. நம் ஊரில் மக்கள் நலப் பணியாளராக இருந்தவர் யார்? அவரைக் கூட்டத்துக்கு அழைத்து, அந்த வருஷங்களை எப்படிக் கடந்தார் என்று கேட்போமா?

நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அவர் வந்து உட்கார்ந்து பேசினால் நமக்குப் பாடம். இத்தனை வருஷம் கழித்து ஊர் தன்னைக் கூப்பிட்டுக் கேட்டது என்பது அவருக்கும் ஒரு ஆறுதல்.